அம்மன் காலடியில் வைத்த சீட்டு

இதை எழுத ஆறு வருடமாகத் தயங்கினேன். நோட்டை எடுப்பேன், இரண்டு வரி எழுதுவேன், என் மனைவி வரும் சத்தம் கேட்டால் மூடிவிடுவேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு ஊர் ஒரகடம் பக்கம் மண்ணூர். நிலம் கம்பெனிகளுக்குப் போன பிறகு நான் ஒரு கம்பெனியில் கேட் செக்யூரிட்டி. வெள்ளிக்கிழமை தவறாமல் வீட்டில் அம்மனுக்கு விளக்குப் பூசை உண்டு. அப்படி ஒரு வெள்ளிக்கிழமை என் மனைவி விளக்கையே பார்த்தபடி நின்றாள்.

“இன்னாங்க, சுடரைச் சுத்தி வட்டம் தெரியுது. வானவில்லு மாதிரி.”

எனக்கு உடம்பு சிலிர்த்தது. அம்மன் உன் கண்ணில் இறங்கிவிட்டாள் என்றேன். தெரு முழுக்கச் சொன்னதும் நான்தான். வெள்ளிதோறும் அவளிடம் குறி கேட்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். மாடி அறையில் வாடகைக்கு இருந்த தென்காசிப் பெண், ஷிப்ட் முடிந்து யூனிபார்மோடு வந்து உட்காருவாள்.

“யக்கா, இந்த வருசமாச்சும் என்னைய பெர்மனன்ட் ஆக்குவாவளா?”

“வட்டம் பெருசா கீது. ஆவும், போ.”

ஒரு மாலை ஒரகடம் ரோட்டைக் கடக்க நின்றபோது என் மனைவி என் கையைப் பிடித்தாள். “கன்டெய்னர் லாரி லைட்டுலயும் அதே வட்டம் தெரியுதுங்க. அதுலயுமா அம்மா கீறா?”

“எங்கயும் இருப்பா. வாய மூடிக்கினு வா.”

இன்றும் கேட்டில் லாரி திரும்பும்போதெல்லாம் அந்தக் கேள்வி காதில் விழுகிறது.

பிறகு பள்ளிக்கூடத்தில் கண் முகாம் போட்டார்கள். அவளைப் பார்த்த டாக்டரம்மா என்னைத் தனியே கூப்பிட்டார். “ரெண்டு கண்ணுலயும் புரைங்கய்யா. உள்ள இருக்கிற லென்ஸ் மங்கிப் போச்சு. வெளிச்சம் செதறுது, அதான் வட்டம். இடது கண்ணு ரொம்ப முத்திடுச்சு, தள்ளிப் போடாதீங்க. புதன்கிழமை ஆபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போக வேன் வரும்.”

சீட்டு ஒன்று எழுதிக் கொடுத்தார். வட்டம் போய்விட்டால் வெள்ளிக்கிழமை யார் வருவார்கள் என்றுதான் நினைத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். கண்ணாடி போட்டால் போதுமாம் என்று அவளிடம் பொய் சொல்லி, சீட்டுக்குக் குங்குமம் இட்டு அம்மன் படத்தின் காலடியில் வைத்தேன். புதன்கிழமை வேன் வந்து ஹாரன் அடித்தது. அவள் ஊருக்குப் போயிருக்கிறாள் என்று திருப்பி அனுப்பினேன். அவள் வீட்டுக்குப் பின்னால் துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

நாலு மாதம் கழித்து ஒரு காலையில் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு அலறினாள். வாந்தி வேறு. கண் சிவந்து, கண்மணி பால்போல் வெளுத்திருந்தது. சென்னைக்குக் கொண்டுபோனேன். முத்திய புரை கண்ணுக்குள் அழுத்தத்தை ஏற்றி நரம்பைக் கெடுத்துவிட்டது என்றார்கள். வலி அடங்கப் புரையை எடுத்தார்கள். பார்வை திரும்பவில்லை. வலது கண்ணையாவது சீக்கிரம் செய்துவிடலாம் என்றார்கள்.

அவள் மறுத்துவிட்டாள். “கத்தி வெச்சாங்க, கண்ணு போச்சு. இதையும் குடுக்கணுமா?”

கத்தியால் போகவில்லை என்பது எனக்கு மட்டுமே தெரியும். சொல்லாவிட்டால் அவள் முழுக் குருடாகிவிடுவாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்துச் சீட்டைச் சொன்னேன், வேனைச் சொன்னேன்.

“அப்போ லாரில அம்மா இல்ல,” என்றாள். எழுந்து நர்ஸிடம் போய், “எங்க கையெழுத்து போடணும்மா?” என்று கேட்டாள்.

வலது கண் மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டு, முழித்திருக்கும்போதே அரை மணிக்குள் முடித்துவிட்டார்கள். மறுநாள் கட்டைப் பிரித்ததும் என்னைப் பார்த்தாள். “இன்னாய்யா, இப்டி கெழவனாயிட்ட?” நர்ஸ் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது அரிசியில் கல் பொறுக்குகிறாள், பஸ் நம்பர் படிக்கிறாள். ஆனால் இடப்பக்கமாக நான் போனால் திடுக்கிட்டு முழு முகத்தையும் திருப்புவாள். பார்வை போன அந்தக் கண் என்னைத் தாண்டி எங்கோ நிற்கும். அதனால் அந்தப் பக்கம் போகும்போது இருமிக்கொண்டே போகிறேன்.

அம்மன் ஒரு கண்ணை வாங்கிக்கொண்டு ஒரு கண்ணைக் கொடுத்தாள் என்று தெருவில் பேசுகிறார்கள். சில பெண்கள் அவள் காலைத் தொடுகிறார்கள். அவள் என்னைப் பார்ப்பாள், ஒன்றும் சொல்லமாட்டாள். நானும் இத்தனை வருடம் மறுக்கவில்லை.

அம்மனை இன்றும் கும்பிடுகிறேன். கண்ணை வாங்கினாள் என்ற பழி அவள் மேல் நிற்கக் கூடாது. புரை உள்ளவர் இருக்கும் வீட்டில் இதைப் படிக்கக் கொடுங்கள். அற்புதம் எதையும் சேர்க்காதீர்கள். என் மேல் இரக்கப்பட்டு எதையும் குறைக்கவும் வேண்டாம். வேன் வந்தது, நான் திருப்பி அனுப்பினேன். அதை அப்படியே சொல்லுங்கள்.