பெல்ட்டுக்குத் தேங்காயெண்ணெய்

காலில் பிளேட் வைத்துத் தைத்த பிறகு, வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டரம்மா என்னை அனுப்பியது ஆயுத பூஜை அன்றைக்கு. தொண்ணூறுகளில் ஒரு வருஷம். தேவராஜ மொஹல்லாப் பக்கம் சின்ன நர்ஸிங் ஹோம் அது. நான் கிடந்தது மாடியில். கால் அதிர்ந்தால் திரும்பவும் கிழிக்க வேண்டி வரும் என்று பயமுறுத்தித்தான் அனுப்பினார்கள்.

லிஃப்டுக்குக் குங்குமம் வைத்து நிறுத்திவிட்டார்கள். இனிமேல் மறுநாள்தான் ஓடுமாம். சரி, அவசரத்துக்கென்று படியில் இறங்குகிற நாற்காலி ஒன்று இருந்தது. யாரோ வெளிநாட்டிலிருந்து கொடுத்தது. முதுகுப் பக்கம் இரண்டு ரப்பர் பெல்ட். படி விளிம்பைக் கவ்விக் கவ்வி இறங்கும். கரண்ட் போன நாட்களில் அதில் ஆட்களை இறக்குவதைப் பார்த்திருக்கிறேன். பெல்ட்டில் மண் இல்லாமல் துடைத்துக் காயவைத்தால் போதும், வேறொன்றும் கேட்காத சாமான்.

அன்றைக்கு அது சாமந்தி மாலையோடு வந்தது. பெல்ட் இரண்டும் பொங்கலுக்குத் தீட்டின மாட்டுக் கொம்பு மாதிரி பளபள என்றிருந்தது. ஹனூர்ப் பக்கத்து வார்டு ஆள் பின்னால் பிடித்துக்கொண்டான். என் வீட்டுக்காரர், ரயில்வே ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்து ரிடயரானவர், பிளாஸ்க்கும் பையுமாக முன்னால் இறங்கினார்.

இரண்டு படி இறங்கியிருக்காது, சர்ரென்று வழுக்கியது. அவன் உடம்பைப் பின்னால் சாய்த்து இழுத்துப் பிடித்ததில், திருப்பத்துச் சுவரில் என் கால் மோதாமல் நின்றது.

"அம்மா கொஞ்சம் கனமாட்டம் இருக்கீங்க," என்றான்.

கஞ்சி குடித்து இளைத்துக் கிடக்கிறேன், நான் கனமாம்! கையைக் கீழே விட்டு பெல்ட்டைத் தடவி மோந்து பார்த்தேன். தேங்காயெண்ணெய்.

"என்னப்பா இது?"

"பூஜைக்குங்கம்மா. போன வருசம் மங்கலாத் தெரிஞ்சுதுங்க. அதான் மினுக்கி வெச்சேன்."

"விடுடி, நல்ல நாளும் அதுவுமா. விழலையே," என்றார் இவர்.

"உங்க ஒர்க்ஷாப்பில பிரேக் கட்டைக்கும் எண்ணெய் தடவித்தான் பூஜை பண்ணுவீங்களா?" என்றேன்.

சத்தம் கேட்டு டாக்டரம்மா வந்தார். "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி அம்மா, கொஞ்சம் அனுசரிச்சுக்கோங்க. இன்னொரு ஆள் வந்து கெட்டியாகப் பிடிப்பான்."

"அட்ஜஸ்ட் பண்ண இது பஸ் சீட்டா? பெல்ட்டைக் கழுவாமல் இந்த நாற்காலி நகராது."

படியில் ஏறுகிறவர்கள் பூவும் ஸ்வீட் டப்பாவுமாக நின்றுவிட்டார்கள். நிற்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

அவன் தலையைச் சொறிந்தான். "பூஜை வெச்ச சாமானைப் பொழுது சாயறதுக்குள்ள கழுவக் கூடாதுங்களே."

"தொடக் கூடாத சாமான் என்றால் என்னை எதுக்கப்பா அதில் உட்கார வைத்தாய்? என்னையும் சேர்த்துப் பூஜை பண்ணவா?"

யாரோ சிரித்தார்கள். அவன் திருப்பத்தில் கைப்பிடியோரம் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டு, என்னை அதில் இறக்கி உட்கார்த்தினான். சோப்புத் தண்ணீரில் பெல்ட்டைத் தேய்த்து, காய்ந்த துணியால் ஈரம் போகத் துடைத்தான். எண்ணெய் பட்ட படியையும் துடைக்க வைத்தேன். அப்புறம்தான் உட்கார்ந்தேன். கர், கர் என்று ஒவ்வொரு படியாகக் கடித்து இறங்கியது. கால் அதிரவில்லை.

கீழே வந்ததும், "இப்ப மறுக்காப் பொட்டு வெக்கட்டுங்களா?" என்றான்.

"இரும்புக்கு எவ்வளவு வேண்டுமானாலும் வை. ரப்பர் பக்கம் கை போனால் பார்."

டாக்டரம்மா பொரிப் பொட்டலத்தை நீட்டி, "அம்மாவுக்கு ரொம்பக் கோபம்," என்று எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். நாற்காலியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பொரியை வாங்கிக்கொண்டேன், அது பிரசாதம். பதிலுக்குச் சிரிக்கவில்லை.