பட்டிமன்றத்தில் பட்டி

எங்கள் வீட்டில் ஒரு ஷீல்டு உண்டு. ஆறு மாதம் எங்கள் டிவிக்கு மேலே இருக்கும், ஆறு மாதம் பக்கத்துக் காம்பவுண்டில் மாமி வீட்டில் இருக்கும். 'சிறந்தது கூட்டுக்குடும்பமா, தனிக்குடும்பமா? முதல் பரிசு' என்று அதில் பொன்னிற எழுத்தில் எழுதியிருக்கும். அந்த விஷயத்தைப் பற்றி நான் எந்த மேடையிலும் ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் பேசியது நாயைப் பற்றி, அதுவும் எனக்கு உயிரான ஒரு நாய்க்கு எதிராக. இப்படி ஒரு கோணல் நடக்க வேண்டுமானால் அது எங்கள் ஊரில்தான் நடக்கும். அதிலும் எங்கள் மாமா இருந்தால்தான் நடக்கும்.

மாமி என்றால் அப்பாவின் தங்கை. அவளுடைய கணவர்தான் இந்த மாமா. கேரள எல்லையிலுள்ள எங்கள் பாறசாலையில் நோட்டீஸ் அடித்துக் கொடுக்கும் சின்னக் கடை வைத்திருந்தார். மாலையானால் ஊர்த் தமிழ் வாசகசாலையின் செயலாளர். விசேஷ நாட்களில் டிவியில் வரும் பட்டிமன்றங்களைச் சோறு மறந்து பார்ப்பார். தானும் ஒருநாள் ஊர் மெச்சும் நடுவராக வேண்டும் என்பது அவருடைய வாழ்நாள் ஆசை. வீட்டில் அதற்கு வழியில்லை. மாமி எந்த வழக்கையும் நடுவர் வரைக்கும் போக விடாமல் தானே தீர்த்துவிடுவாள். ஆகவே வருஷத்துக்கு ஒருமுறை வாசகசாலையில் பிள்ளைகளை வைத்து அவரே ஒரு பட்டிமன்றம் நடத்தி, அவரே நடுவராக உட்கார்ந்து, இரண்டு பக்கமும் நல்லாத்தான் இருக்குது என்று தீர்ப்பும் சொல்லிவிடுவார். கேட்க வரும் கூட்டம் பேசுகிறவர்களையும் சேர்த்துப் பத்தொன்பது பேர்.

நான் ஏழாம் வகுப்புப் படித்த வருஷம், பட்டிமன்றத்துக்கு இரண்டு வாரம் முன்பு மாமியை நாய் கடித்தது. மாமி ரப்பர் பால் வெட்டுகிறவள். விடியுமுன் நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு புறப்படுவாள். தோட்டத்து வளைவில் ஒரு செம்பட்டை நாய் பாய்ந்து வலது காலின் ஆடுசதையைப் பிடித்துவிட்டது. நெய்யாற்றின்கரைக்குக் கொண்டுபோய் ஊசி போட்டார்கள். அதே மாதம் வேறு இரண்டு பேருக்கும் கடி. ஊர் கொதித்தது. வார்டிலுள்ள எல்லா நாய்களையும் பிடித்து அகற்ற வேண்டும் என்று ஒரு மனு எழுதினார்கள். முதல் கையெழுத்து மாமியுடையது. தமிழில் ஒன்று, மலையாளத்தில் ஒன்று என்று இரண்டு போட்டாள்.

எனக்கு அந்த மனு பிடிக்கவில்லை. காரணம், மேடம்.

மேடம் என்பது வாசகசாலைப் படிக்குக் கீழே குடியிருந்த பெண் நாய். யார் படியேறினாலும் ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்பது போல ஒரு பார்வை பார்க்கும். அதனால் அந்தப் பெயரை நாங்கள் பிள்ளைகள்தான் வைத்தோம். அப்போது நான்கு குட்டி போட்டிருந்தது. மேடம் யாரையும் கடித்ததில்லை. ஆனால் மனுவில் 'எல்லா நாய்களும்' என்றுதான் எழுதியிருந்தது.

மேடத்தை வளர்த்தது நான்தான் என்று ரகசியமாக ஒரு கர்வம் எனக்கு இருந்தது. மாமி வீட்டு அடுக்களைக்குப் பின்புறம், துணி துவைக்கும் கல்லின் மேல், ஒரு தேங்காய்ச் சிரட்டையில் சாளை மீன் தலைகள் இருக்கும். காக்கை கொத்தாமல் இருக்க மேலே இன்னொரு சிரட்டை கவிழ்த்திருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பூனை மாதிரி நடந்துபோய் அதை எடுத்து, வாசகசாலைக்கு ஓடி, காலிச் சிரட்டையைத் திரும்பக் கொண்டுவந்து வைத்துவிடுவேன். ஒருநாள்கூடப் பிடிபட்டதில்லை. மாமி கடிபட்டு ஆசுபத்திரிக்குப் போய் வந்த அன்று, இன்றைக்குக் கிடைக்காது என்று நினைத்துக்கொண்டே போனேன். அன்றும் சிரட்டை நிறைய இருந்தது. நம் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த நிலையில் மாமா பட்டிமன்றத்துக்கு நோட்டீஸ் அடித்தார். ஊரில் பாதிப்பேருக்குத் தமிழ் வாசிக்க வராது என்பதால் மலையாள எழுத்திலும் அடித்தார். எல்லாவற்றையும் மொழிபெயர்த்தவர், பட்டிமன்றம் என்ற சொல்லை மட்டும் அப்படியே மலையாள எழுத்தில் போட்டார். அதற்கு ஈடான சொல் உலகத்திலேயே கிடையாது என்பது அவருடைய கட்சி. ஆட்டோவில் மைக்கைக் கட்டி, "பட்டிமன்றத்திலேக்கு ஏவர்க்கும் சுவாகதம்" என்று எல்லாரையும் வரவேற்று இரண்டு நாள் ஊர் முழுக்க விளித்துக்கொண்டு போனார்.

மலையாளத்தில் பட்டி என்றால் நாய். இது மாமாவுக்குத் தெரியாதது அல்ல. பிறந்த நாளிலிருந்து இரண்டு மொழியும் பேசுகிறவர். ஆனால் பட்டிமன்றம் என்று சொல்லும்போது அவர் முழுத் தமிழர். அந்த நேரத்தில் பட்டி அவர் காதில் விழவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு வாசகசாலை முற்றத்தில் இருநூறு பேருக்குக் குறையாமல் வந்து நின்றார்கள். பக்கத்து ஊரான திருப்புறத்திலிருந்து ஒரு வேன் நிறைய வந்தார்கள். கடிபட்டவர்கள், கடிபட்டவர்களின் சொந்தக்காரர்கள், நாய்க்குச் சோறு வைக்கிறவர்கள், அப்படி வைக்கிறவர்களைத் திட்டுகிறவர்கள். பால் வெட்டும் பெண்கள் ஒரு கூட்டமாக வந்திருந்தார்கள். வார்டு மெம்பர் சேச்சி மனுவை ஒரு ஃபைலில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தார். மனுவை மேலே அனுப்புமுன் நாட்டுக்காரர் சொல்வதைக் கேட்டுவிடலாம் என்று வந்தாராம். மாமா இருபத்தைந்து பேருக்குப் பாலில்லாத கட்டன்சாயா சொல்லியிருந்தார்.

"பட்டியுடெ காரியம் எப்போழா துடங்ஙுந்நே?" என்று ஒரு பெரியவர் வந்து கேட்டார். நாய் விஷயம் எப்போது ஆரம்பிக்கும் என்று. மாமா ஒரு நிமிஷம் அவர் முகத்தையே பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்தார். பத்தொன்பது பேருக்கு நடுவராக இருந்தே வயதாகிக்கொண்டிருந்த மனுஷன். இருநூறு பேரைத் திருப்பியனுப்ப அவருக்கு மனம் வரவில்லை.

நேராக எங்களிடம் வந்தார். "மக்கா, விஷயம் மாறியாச்சு. கூட்டுக்குடும்பம் அடுத்த வருஷம். இண்ணைக்கு நாயாக்கும்."

பேச வந்திருந்த நான்கு பேரில் இரண்டு பேருக்கு உடனே வயிற்றுவலி வந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தது நானும் மாமியின் மகளும். இருவரும் ஒரே வகுப்பு. நான் தனிக்குடும்பம், அவள் கூட்டுக்குடும்பம் என்று படித்து வைத்திருந்தோம். மாமா அதற்கும் ஒரு கணக்குப் போட்டார். கூட்டுக்குடும்பம் என்றால் மனுஷனும் நாயும் சேர்ந்து வாழ்வது, தனிக்குடும்பம் என்றால் நாய் வேறு, நாம் வேறு. ஆகவே நாய்களை அகற்ற வேண்டும் என்று நான் பேச வேண்டும். தாயைக் கடித்த நாய்களுக்காக அவள் பேச வேண்டும்.

"மாமா, என்னை நாய்க்க பக்கம் மாத்துங்கோ," என்றேன். அழுகை வந்துவிட்டது.

"அவங்கவங்களுக்குப் பிடிச்ச பக்கம் பேசினா அது வீட்டுச் சண்டையாக்கும். அதுக்கு மைக் செட்டு எதுக்கு?" என்று சொல்லிவிட்டுப் போய் நடுவர் நாற்காலியில் உட்கார்ந்தார். பத்து நிமிஷம் தந்திருந்தார்.

நாங்கள் இரண்டு பேரும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தோம். எனக்கு நாயின் நல்ல குணங்கள் தெரியும், அவளுக்குக் கடியின் கஷ்டம் தெரியும். இரண்டும் இடம் மாறிக் கிடந்தன. வேறு வழியில்லாமல் ஒருத்திக்கு ஒருத்தி சொல்லிக்கொடுத்தோம்.

"அம்மை இப்பம் லைட்டையும் கெட்டிட்டு கதவுக்குப் பக்கத்தில நிக்கும், கேட்டியா," என்றாள் அவள். "ரோட்டில துணைக்கு ஒரு பைக் போற சத்தம் கேட்டாத்தான் இறங்கும். அதுவரை அங்ஙனயே நிக்கும். சில நாளு பைக் வராது. வெயில் ஏறினா பால் ஓடாதுல்லா, பின்ன திரும்பி வந்து அடுக்களையில இருக்கும். அப்பாக்கு ஒண்ணும் அறியாது. உறக்கம்."

மாமியைப் பயப்படுகிறவளாக நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. எங்கள் வீட்டில் எல்லாரும் பயப்படும் ஆள் அவள்தான். எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது. பதிலுக்கு என்னிடமிருந்த பெரிய ரகசியத்தை எடுத்துக் கொடுத்தேன். "மேடத்துக்கு நான் டெய்லி குடுக்கது உங்க வீட்டு மீன்தலையாக்கும்."

"களவா?"

"களவுதான்."

முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். மேடையேறும்போது என் மனதில் இருந்தது ஒரே ஒரு திட்டம். மோசமாகப் பேசுவது. திக்கித் திணறி இறங்கிவிட்டால் நாய்களின் பக்கம் ஜெயிக்கும், மேடம் பிழைக்கும். மைக்கைப் பிடித்துவிட்டுக் கூட்டத்தைப் பார்த்தேன். மூன்றாவது வரிசையில் மாமி, கட்டுப்போட்ட காலை இன்னொரு நாற்காலியில் நீட்டி வைத்து உட்கார்ந்திருந்தாள். அண்ணன் மகள் தன் பக்கம் பேசப்போகிறாள் என்ற நம்பிக்கை முகத்தில் தெரிந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் மோசமாகப் பேச முடியவில்லை.

கதவுக்குப் பக்கத்தில் லைட்டைக் கட்டிக்கொண்டு நிற்கும் பெண்ணைப் பற்றிச் சொன்னேன். யார் என்று சொல்லவில்லை. அவள் கேட்க நினைக்கும் பைக் சத்தத்தைப் பற்றிச் சொன்னேன். வெயில் ஏறினால் பால் ஓடாது என்றேன். நாயைப் பாவம் என்று சொல்கிறவர்கள் வெளிச்சம் வந்தபிறகு நடக்கிறவர்கள் என்றேன். பாதிக் கூட்டத்துக்குத் தமிழ் சரியாகப் பிடிபடவில்லை என்று தெரிந்ததும் என்னையறியாமல் மலையாளத்துக்கு மாறினேன். "ஆ வாதில்க்கல் ஒரு ஸ்த்ரீ இப்போழும் நில்க்குன்னுண்டு," என்றேன். அந்தக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு பெண் இப்போதும் நின்றுகொண்டிருக்கிறாள். பால் வெட்டும் பெண்கள் இருந்த பக்கத்திலிருந்து கைதட்டல் எழும்பி வந்தது. என் வாழ்க்கையில் எனக்காக முதன்முதலாகக் கேட்ட கைதட்டல். மேடத்தை நாய் பிடிக்கிற வேனில் நானே ஏற்றிவிட்டது போல இருந்தது. ஆனாலும் சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன்.

அடுத்து மாமி மகள். அவளும் மோசமாகப் பேசியிருக்கலாம். அவள் நினைத்திருந்தால் தாய்க்கு ஜெயம். மைக் அவளுக்கு எட்டவில்லை, யாரோ தாழ்த்திக் கொடுத்தார்கள்.

"கடிச்சது ஒரு நாய். கையெழுத்துப் போட்டது எல்லா நாய்க்கும்," என்று ஆரம்பித்தாள். "எங்க வீட்டில நான் பாத்திரத்தை உடைச்சா அடி எனக்கு மட்டும்தான் உண்டு. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கிடையாது." கூட்டம் சிரித்தது. "ரோட்டோரம் சாக்கில கெட்டிப் போட்ட கோழிக்குடலைத் தின்னுதான் நாய் கூடுது. அதைக் கெட்டிப் போட்டது நாயா? எந்த நாய்க்குக் கோழிக்கடை உண்டு?" அதுவரை நாய்களைப் பற்றி எல்லாரையும்விட உரக்கப் பேசிக்கொண்டிருந்த கோழிக்கடைக்காரர் குனிந்து செருப்பைத் தேடினார். அவள் நிறுத்தவில்லை. "இந்தப் படிக்குக் கீழ நாலு குட்டியோட கிடக்குதே, அது யாரையும் கடிக்கல்ல. எங்க அம்மைக்க மீன்தலையைத் தின்னு வளர்ற நாயாக்கும் அது. களவாண்டு கொண்டு குடுக்கது இவ," என்று என்னைக் கையால் காட்டினாள்.

இருநூறு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் மாமியைப் பார்க்கவில்லை.

தீர்ப்புச் சொல்ல மாமா எழுந்தார். "பிள்ளை சொன்ன அந்தக் கதவு எனக்க வீட்டுக் கதவாக்கும். எனக்கு அறியாது," என்றார். இருநூறு பேர் வந்த ஒரே நாளில் எங்கள் நடுவர் தீர்ப்புச் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் மாமி எழுந்தாள். காலைத் தாங்கித் தாங்கி முன்வரிசைக்கு வந்து, மெம்பர் சேச்சியின் ஃபைலை வாங்கி, யாரிடமோ பேனா கேட்டாள். மனுவில் 'எல்லா நாய்களும்' என்று இருந்ததில் 'எல்லா' என்பதை அழுத்தி அடித்தாள். மேலே 'கடிக்கிற' என்று எழுதினாள். ஓரத்தில் மறுபடியும் இரண்டு மொழியிலும் கையெழுத்துப் போட்டாள். "இனி பறையுங்கோ," என்று சேச்சியிடம் ஃபைலைக் கொடுத்தாள்.

சேச்சி மைக்கை வாங்கினார். கடிக்கிற நாயைப் பிடித்துத் தனியாக வைப்பது, மற்ற நாய்களுக்கு ஊசியும் ஆபரேஷனும் செய்து பிடித்த இடத்திலேயே விடுவது, கோழிக்கழிவை ரோட்டில் போடுகிறவர்மேல் நடவடிக்கை எடுப்பது என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லக் கூட்டம் கைதட்டியது. ஊசியெல்லாம் முடிகிறவரைக்கும் பால் வெட்டப் போகிறவர்களை விடியற்காலையில் தன் ஜீப்பில் கொண்டுவிடுவதாகத் திருப்புறத்துக்காரர் ஒருவர் எழுந்து நின்று சொன்னார். நாய்க்குச் சோறு வைக்கிறவர்களும் அவர்களைத் திட்டுகிறவர்களும் ஒரே கிளாஸ் கட்டன்சாயாவைப் பங்கு வைத்துக் குடித்தார்கள். மாமா சொல்லியிருந்தது இருபத்தைந்துதானே.

ஷீல்டு ஒன்றுதான் இருந்தது. ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு நாங்கள் ஊர் நடுவே நடந்தோம். எதிரே வந்தவர்கள் ஆட்டோவை நிறுத்திக் கைகொடுத்தார்கள். ராஜாவுக்கு மகளாகப் பிறந்தால்கூட அப்படி ஒரு நடை வாய்க்காது.

வீட்டு வாசலில் மாமி நின்றாள். எனக்கு முதுகு கூசியது. மாமி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "தலையில முள்ளு உண்டு மக்ளே. குட்டிகளுக்குப் போடும்ப நசுக்கிப் போடணும்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். இவ்வளவு பெரிய களவை மன்னித்துவிட்டாளே என்று நான் ஆச்சரியப்பட்டேன். ஜெயித்த பிள்ளை என்பதால் மன்னித்தாள் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது நானே மீன் வெட்டுகிறேன். சாளைத் தலையைக் கிள்ளித் தென்னை மூட்டில் எறிவேன். எங்கள் பக்கத்தில் எல்லாரும் அப்படித்தான். அதைச் சிரட்டையில் சேர்த்து, காக்கை கொத்தாமல் இன்னொரு சிரட்டையால் மூடி, ஒரு பிள்ளையின் கைக்கு எட்டுகிற கல்லில் யாரும் வைப்பதில்லை. நெய்யாற்றின்கரையில் ஊசி போட்டுக்கொண்டு, நொண்டி நொண்டி வந்து இறங்கிய அன்றும் மாமி அதை வைத்திருந்தாள். நான் எடுத்துக்கொண்டு ஓடினேன். காலிச் சிரட்டை தினமும் எப்படித் திரும்ப நிறைகிறது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.