இரண்டு வண்டிகள் பார்த்த ஞாயிறு

அப்பாவும் சித்தப்பாவும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு பேசாமல் இருந்த காலத்தில்தான் எங்கள் குடும்பத்துக்குப் பெரிய வண்டி ஒன்று தேவைப்பட்டது. பேச்சு நின்றது வீட்டைப் பாகம் பிரிக்கும் விஷயத்தில். வண்டி தேவைப்பட்டது அத்தையின் கல்யாணத்துக்கு. மாப்பிள்ளை வீடு விழுப்புரம் பக்கம். அத்தனை பேரும் பஸ்ஸில் போய் இறங்கினால் நன்றாகவா இருக்கும்?

அப்பாவுக்குத் தேங்காய்த்திட்டில் மீன் வியாபாரம். செவுளைத் தூக்கிப் பார்த்தே மீன் எப்போது பிடிபட்டது என்று சொல்லிவிடுவார். வண்டியில் அவருக்குத் தெரிந்தது ஸ்கூட்டர் மட்டும். சித்தப்பா துபாயில் பல வருஷம் வண்டி ஓட்டிவிட்டுத் திரும்பியவர். பழைய வண்டி வாங்க அவரை விட்டால் ஆளில்லை. ஆனால் அவரிடம் பேச முடியாது. இதற்கு அம்மா கண்டுபிடித்த வழி நான். நாலாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த என்னை அந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரில் இருவருக்கும் நடுவில் உட்காரவைத்து அனுப்பினாள்.

முதல் வண்டி லாஸ்பேட்டையில், ஒரு ரிட்டயர்டு ஆபீசர் வீட்டில். பச்சை நிறம். வெயிலில் வெளுத்து, ஒரு பக்கக் கதவு நசுங்கியிருந்தது. சித்தப்பா கீழே படுத்துப் பார்த்தார், ஸ்டார்ட் செய்து கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், தெருமுனை வரை ஓட்டிவிட்டு வந்தார்.

“இன்ஜின் நல்லா இருக்குது, உங்கப்பாகிட்ட சொல்லு.”

அப்பா கையெட்டும் தூரத்தில்தான் நின்றிருந்தார். “கல்யாணத்துக்கு இதுல போயி எறங்குனா மாப்ள ஊட்டுக்காரங்க இன்னா நெனைப்பாங்கன்னு கேளு.”

நான் கேட்டேன். கோபத்தைக் கொஞ்சம் குறைத்துக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில் அதற்குள் எனக்கு நல்ல பழக்கம் வந்திருந்தது.

இரண்டாவது வண்டி அரியாங்குப்பத்தில், ஒரு புரோக்கரின் கொட்டகையில். வெள்ளை. கண்ணாடி போல் துடைத்து, புது சீட் கவர் போட்டிருந்தார்கள். பார்த்ததுமே அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. சித்தப்பா ஏறி உட்கார்ந்து பிரேக்கை மிதித்தார். திரும்பவும் மிதித்தார்.

“பெடலு மெத்துனு இருக்குதுன்னு சொல்லு.”

“பச்ச வண்டிய மனசுல வெச்சிக்கினு பேசுறாருன்னு சொல்லு.”

இதைக் குறைத்துச் சொல்ல எனக்கு அவகாசம் கிடைக்கவில்லை. சித்தப்பாவின் தாடை இறுகியது. புரோக்கர் சிரித்துக்கொண்டே, “பாலம் தாண்டி ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க சார்,” என்றார்.

“பாப்பா, நீ எறங்கு,” என்றார் சித்தப்பா.

“அவ வரட்டும்,” என்றார் அப்பா. நான் இல்லாவிட்டால் அவர்கள் எப்படிப் பேசிக்கொள்வது?

போகும்போது சித்தப்பா மெதுவாகத்தான் ஓட்டினார். பிரேக் பிடித்தது. “நல்லாத்தான புடிக்குது, கேளு,” என்றார் அப்பா. பாலத்துக்கு அந்தப் பக்கம் வண்டியைத் திருப்பிக்கொண்டு மறுபடி பாலத்தில் ஏறினோம். இறக்கத்துக்கு வந்தபோது, கீழே ஸ்டாப்பில் ஒரு டவுன் பஸ் நின்று ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தது.

சித்தப்பாவின் கால் பெடலோடு சேர்ந்து தரைவரை போனது. இன்னொரு முறை மிதித்தார். அப்போதும் அப்படியே போனது. கியரை இழுத்தார். வண்டி உறுமியதே தவிர நிற்கவில்லை. பஸ்ஸின் பின்பக்கம் பெரிதாகிக்கொண்டே வந்தது. கூடையோடு இறங்கிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் சேலை நிறம்கூட எனக்குத் தெரிந்தது.

“தம்பி,” என்றார் அப்பா.

“அண்ணா, பாப்பாவ புடிச்சிக்கோ.”

அப்பா என்னை நெஞ்சோடு அழுத்திக்கொண்டார். சித்தப்பா ஹேண்ட் பிரேக்கை இழுத்தபடி வண்டியை இடது பக்கம் ஒடித்தார். யாரோ வீடு கட்டக் கொட்டியிருந்த மணல்மேட்டில் வண்டி பாதி ஏறி, முனகி, நின்றது.

யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் என்னைச் சுற்றியிருந்த அப்பாவின் கைகள் கிடுகிடுவென்று நடுங்கின. அவற்றை நான்தான் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது. வெளியே வந்து பார்த்தால் சித்தப்பாவைக் காணோம். வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்து, துண்டில் முகத்தைப் புதைத்து அழுதுகொண்டிருந்தார். அப்பா வந்து அவர் பக்கத்தில் நின்றார். பிடரியில் கை வைத்தார்.

பச்சை வண்டியையே வாங்கினோம். வெள்ளை வண்டி ஏன் வேண்டாம் என்று அம்மா கேட்டதற்கு, “புடிக்கல,” என்றார் அப்பா.

அன்று சாயங்காலம் அப்பா என்னைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டார். “சித்தப்பா அழுதத யாருகிட்டயும் சொல்லாத. உங்கம்மாகிட்டகூட.” கொஞ்ச நேரம் கழித்து சித்தப்பா என்னைக் கடைக்குக் கூட்டிப்போய்க் கடலை மிட்டாய் வாங்கித் தந்தார். “உங்கப்பா கை நடுங்குனத எங்கியும் சொல்லிடாத பாப்பா. மீன் ஏலத்துல கேலி பண்ணுவானுங்க.”

நீங்கள் இப்படிச் சொன்னதை அவரிடம் போய்ச் சொல்லட்டுமா என இருவரிடமும் கேட்டேன். இருவரும் வேண்டாம் என்றார்கள்.

கல்யாணத்துக்கு வண்டியைச் சித்தப்பாதான் ஓட்டினார். அடுத்த மாதமே வீட்டுக்கு நடுவில் சுவர் எழுந்தது. எனக்கு ஒரே எரிச்சல். அன்றைக்கு அந்த இரண்டு பேச்சையும் கொண்டுபோய்ச் சேர்க்க விட்டிருந்தால் சண்டை தீர்ந்திருக்குமே என்று மாய்ந்துபோனேன். தீர வேண்டியது அந்த மணல்மேட்டிலேயே தீர்ந்துவிட்டது, மிச்சமிருந்தது வெறும் சுவர்தான் என்பது அந்த வயதில் எனக்கு எட்டவில்லை.