வாத்திலிருந்து முயல் வரை ஒரு முழுச் சுற்று

ஒரு சனிக்கிழமை சாயங்காலம், எட்டு மாதமாக நான் வரி வரியாகச் சேர்த்து வைத்திருந்த ஒரு கோப்பை என் கையாலேயே அழித்தேன். அழிக்கும்போது எனக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்தது. வீடு சுத்தமாகிவிட்டது என்ற சந்தோஷம்.

கல்லூரி விடுதியில் நாங்கள் ஐந்து பெண்கள் சேர்ந்து கணினியில் துப்பாக்கிச் சண்டை விளையாடுவோம். இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர். ஒரு அணி குண்டு வைக்கும், இன்னொரு அணி தடுக்கும். படிப்பு முடிந்து ஆளுக்கொரு ஊர் போன பிறகும் அணி கலையவில்லை. நான் கல்யாணமாகிச் சின்னசேலம் வந்தேன். கணவருக்குக் கள்ளக்குறிச்சியில் அலுவலக வேலை. மகள் பிறந்து இரண்டாம் மாதமே, அவள் தூளியில் தூங்கும் மதிய நேரங்களில் நான் மறுபடி விளையாட உட்கார்ந்துவிட்டேன். இது தப்பா சரியா என்று தினமும் யோசிப்பேன். யோசித்துக்கொண்டே லேப்டாப்பைத் திறப்பேன்.

விடுதியில் விளையாடிய மாதிரி வீட்டில் விளையாட முடியவில்லை. இரண்டு காதிலும் ஹெட்போனை மாட்டினால் குழந்தை அழுவது கேட்காது. இரண்டு கையும் கணினியில் இருந்தால் தூளிக் கயிற்றை யார் இழுப்பது? அப்போதுதான் கான்ஃபிக் கோப்பைத் திறந்தேன். எந்தப் பொத்தான் என்ன செய்ய வேண்டும், மவுஸை எவ்வளவு நகர்த்தினால் பார்வை எவ்வளவு திரும்ப வேண்டும், குறி எந்த நிறத்தில் தெரிய வேண்டும் என்று விளையாட்டின் எல்லா அமைப்பும் அதில் எழுத்தாக இருக்கும். நோட்பேடில் திறந்து மாற்றலாம்.

நான் இடது காதில் மட்டும் ஹெட்போன் வைத்துக்கொண்டேன். அதனால் எதிரி எந்தத் திசையில் நடக்கிறான் என்று சத்தத்தை வைத்துச் சொல்ல முடியாது. அதற்கு ஈடாக, திரையின் மூலையில் இருக்கும் வரைபடத்தைப் பெரிதாக்கினேன். ஒவ்வொரு சுற்றும் தொடங்கும் முன் துப்பாக்கி வாங்கச் சில நொடிகள் கிடைக்கும். எல்லாவற்றையும் மவுஸின் ஒரே பக்கப் பொத்தானில் வாங்கும்படி ஒரு வரி எழுதினேன். அந்தச் சில நொடிகள் என் இடது கை தூளிக் கயிற்றில் இருக்கும். இன்னொரு பொத்தானை அழுத்தினால் "ஒரு நிமிஷம், பாப்பா" என்று அணிக்குத் தானாகச் செய்தி போகும். அந்த வரி வேலை செய்த அன்று அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை.

ஆனாலும் "ஒரு நிமிஷம், பாப்பா" என்று சொல்லிவிட்டு மூன்று ஆட்டங்களில் பாதியில் எழுந்து போயிருக்கிறேன். எங்கள் தலைவி என்னைவிட ஒரு வருஷம் மூத்தவள், கள்ளக்குறிச்சிக்காரி, இப்போது சேலத்தில் வேலை. மகள் பிறந்த பிறகு அணியில் என் பெயரே 'தாய்க்குலம்'தான். அந்த வாரம் போனில் நேராகவே சொன்னாள்.

"தாய்க்குலம், கோச்சிக்காத. ஞாயித்துக்கெழம மேட்சு தோத்தா நாம போட்டியில இல்ல. நீ சரியா ஆடலன்னா அடுத்ததுக்கு வேற பொண்ணப் போட்டுடுவேன். ஆள் ரெடியா கீது."

"சரிக்கா" என்றேன். போனை வைத்த பிறகுதான் பயம் வந்தது. அந்த விளையாட்டில் மட்டும்தான் என்னை இன்னமும் யாராவது "வலது பக்கம் நீ பாத்துக்க" என்று நம்பி விடுகிறார்கள்.

பயம் வந்தால் என் கையில் இருப்பதெல்லாம் மட்டமாகத் தெரியும். உலகப் போட்டிகளில் ஆடுகிற ஒருவருடைய அமைப்புகள் இணையத்தில் கிடைத்தன. அவர் கோப்பு எங்கே, தூளிக் கயிறு இழுக்க நான் எழுதிய கோப்பு எங்கே! சனிக்கிழமை காலை அவருடையதை அப்படியே இறக்கிப் போட்டேன். என்னுடையதை 'பழசு' என்று பெயர் மாற்றி ஓரமாக வைத்தேன். கணினியே நடத்தும் பொம்மை எதிரிகளோடு ஆடிப் பார்த்தால், அடடா, விரல் அசைந்தாலே பார்வை பறந்தது! அந்த வேகமே எனக்கு வீரமாகத் தோன்றியது.

மதியம் நைனார்பாளையத்திலிருந்து மாமியார் வந்தார். மறுநாள் சர்ச்சுக்கு எங்களோடு வருவார். அவர் வரும் சனிக்கிழமைகளில் நான் வீட்டைத் தலைகீழாகப் புரட்டிச் சுத்தம் செய்வேன். நாங்கள் சர்ச்சுக்குப் போகிற குடும்பம்தான். இருந்தாலும் விளக்கு வைத்த பிறகு வீட்டிலிருந்து குப்பை வெளியே போகக் கூடாது என்பதில் அவர் கண்டிப்பு.

"பொழுது சாயுது பாரும்மா. வெளக்கு வைக்கறதுக்குள்ள குப்பையக் கொட்டிடு. நாளைக்கி வரிக்கும் வூட்டுல வச்சிக்கினு இருக்காத."

கூடையைக் கொட்டிவிட்டு வந்தேன். சுத்தம் செய்கிற வேகம் அடங்கவில்லை. லேப்டாப்பிலும் குப்பை இருந்தது. பழைய ரசீதுகள், மங்கலான படங்கள், 'பழசு' என்று பெயர் வைத்த ஒன்று. எல்லாவற்றையும் அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிட்டு, விளக்குப் போட்டேன்.

ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு ஆட்டம். முதல் சுற்றிலேயே என் பார்வை எதிரியைத் தாண்டிப் போய்ச் சுவரைப் பார்த்தது. பொம்மைகள் நின்று கொடுத்தன, மனிதர்கள் நிற்கவில்லை. வரைபடம் தபால்தலை அளவுக்குச் சுருங்கியிருந்தது. துப்பாக்கி வாங்கும் பொத்தானை அழுத்தினால் என் ஆள் குதித்தான். பன்னிரண்டு சுற்றுகள் முடிந்தபோது மூன்றுக்கு ஒன்பது. முதலில் பதின்மூன்று எடுப்பவர்களுக்கு வெற்றி. இடையில் ஐந்து நிமிட ஓய்வு.

"தாய்க்குலம், உனக்கு இன்னா ஆச்சி? செவுத்தோட சண்ட போட்டுக்கினு இருக்க?" என்றாள் தலைவி.

உண்மையைச் சொல்லிவிட்டேன். வேறொருவர் கோப்பு, என்னுடையது குப்பையில், குப்பையும் காலி.

தலைவியின் சத்தம்தான் முதலில் கேட்டது. "வூடு பெருக்கறன்னு கான்ஃபிக்கையே பெருக்கிட்டியாடி?" மற்ற மூவரும் சிரித்த சிரிப்பில் என் இடது காது அடைத்தது. "அஞ்சி நிமிஷம் இருக்குது. தலகீழா நின்னாவது எழுது."

எழுதினேன். துப்பாக்கி வாங்கும் வரி, வரைபடத்தின் அளவு, குறியின் பச்சை, பாப்பா செய்தி என்று ஒவ்வொன்றும் விரலில் இருந்தது. யோசிக்காமல் அடித்தேன். எனக்கே ஆச்சரியம், நான் ஒன்றுகூடத் திரும்பிப் பார்த்துத் திருத்தவில்லை. ஒரே ஒரு எண்தான் வரவில்லை. மவுஸ் எவ்வளவு நகர்ந்தால் பார்வை எவ்வளவு திரும்பும் என்கிற எண். அதைத்தான் எட்டு மாதமும் துளித்துளியாக மாற்றிக்கொண்டே வந்திருந்தேன். ஒன்று புள்ளி என்ன? புள்ளிக்குப் பின்னால் எத்தனை?

கணவர் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். மாமியார் என் மேசையை எட்டிப் பார்த்தார். குழந்தைக்குக் கீழே விரிக்கிற ரப்பர் ஷீட்டில் ஒரு துண்டை வெட்டி நான் மவுஸுக்கு அடியில் போட்டிருந்தேன். மஞ்சள் வாத்து, யானை, பலூன், முயல் எல்லாம் அச்சடித்த ஷீட்.

"புது ஷீட்ட வெட்டிக்கீறியே, நல்லா இருக்கா? பாருடா உன் பொண்டாட்டிய, வாத்து தலையே தேஞ்சி பூட்ச்சி. இந்தாண்ட முயலு காதும் இல்ல. அதுக்கு மேல அப்பிடியே புதுசா கீது."

நான் குனிந்து பார்த்தேன். வாத்தின் தலையிலிருந்து முயலின் காது வரை ஒரு பட்டை வெளுத்திருந்தது. எட்டு மாதமும் என் கை ஓடிய பாதை. பின்னால் சத்தம் கேட்டதாக நினைத்து நான் ஒரு முழுச் சுற்று திரும்பிப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் மவுஸ் இங்கிருந்து அங்கே போயிருக்கிறது. பயந்தாங்கொள்ளியான நான் அதை எத்தனை ஆயிரம் தடவை செய்திருப்பேன்!

"அத்தை!" என்று கத்தியேவிட்டேன். மகள் திடுக்கிட்டு விழித்தாள்.

மவுஸை வாத்தின் மேல் வைத்தேன். என் ஆளை ஒரு கதவுக்கு நேராக நிறுத்தினேன். முயல் வரை இழுத்தேன். பார்வை இரண்டு சுற்றும் இன்னும் கொஞ்சமும் சுற்றியது. எண்ணைப் பாதியாக்கினேன். கதவைத் தாண்டிக் கொஞ்சம் போனது. குறைத்தேன். இப்போது கதவு வரவில்லை, ஒரு விரற்கடை பாக்கி. துளி கூட்டினேன். வாத்து, முயல், கதவு. மறுபடி வாத்து, முயல், அதே கதவு.

"எதுக்குமா இப்ப வாத்தப் போட்டுத் தேய்க்கிற?" என்றார் மாமியார்.

"நீங்க சொன்னதாலதான் அத்தை!"

"நான் தேய்க்கச் சொல்லலியே" என்று அவர் மகனைப் பார்த்தார்.

ஆட்டம் தொடங்கியது. முதல் சுற்றில் மூலையிலிருந்து வந்தவனைப் பார்த்ததும் குறி அவன் மேல் போய் நின்றது. போய் நின்றது என்றுதான் சொல்ல வேண்டும், நான் கொண்டுபோனதாக நினைவில்லை. நான்குக்கு ஒன்பது. ஐந்து. ஆறு. பெரிய வரைபடத்தில் சிவப்புப் புள்ளி தெரிந்ததும் "பின்னாடி ரெண்டு பேரு!" என்று கத்தினேன். தலைவி திரும்பி இரண்டு பேரையும் எடுத்தாள். ஒன்பதுக்குப் பத்து வந்தபோது கணவர் நாற்காலிக்குப் பின்னால் நின்று மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார். அவருக்கு விளையாட்டே புரியாது, எண் மட்டும் புரியும்.

பன்னிரண்டுக்குப் பதினொன்று. அடுத்த சுற்றில் எங்களில் நான் மட்டும்தான் மிஞ்சினேன், அவர்களில் ஒருவர். குண்டு வைத்தாகிவிட்டது, நான் அதைச் செயலிழக்க வைக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து மகள் வீறிட்டு அழுதாள். என் கட்டைவிரல் பாப்பா பொத்தானுக்குப் போனது. பசியா? எறும்பு கடித்ததா? எழுந்திருக்கட்டுமா?

"நான் பாத்துக்கறேன், நீ சுடு" என்றார் கணவர், சமையலறைக்குப் போய்க்கொண்டே.

கட்டைவிரலை எடுத்துவிட்டேன். குண்டின் மேல் கை வைப்பது போலப் பாவனை காட்டி விட்டுவிட்டு, முழுசாக ஒரு சுற்று திரும்பினேன். மிஞ்சியிருந்த எதிரி பெட்டிக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான். ஒரே தோட்டா, விழுந்தான். குண்டைச் செயலிழக்க வைத்தேன், பதின்மூன்று.

இடது காதில் நான்கு பேரும் ஒரே நேரத்தில் அலறினார்கள். நானும் அலறியிருக்க வேண்டும், மாமியார் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

சத்தம் அடங்கியதும் தலைவி சொன்னாள். "அந்த ஃபைல இப்பவே எனக்கு அனுப்பு. அடுத்த மேட்சுக்கு முன்னாடி நீ மறுபடியும் வூடு பெருக்குவ, எனக்குத் தெரியும்."

எனக்குச் சந்தேகம். "அக்கா, அப்ப அடுத்த மேட்சுக்கு நானா?"

"வேற யாரு, உங்க மாமியாரா?"

கோப்பை அனுப்பினேன். வந்து சேர்ந்ததா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு, மகளை வாங்கிக்கொள்ளச் சமையலறைக்கு ஓடினேன்.