குண்டு வெட்டிய ஆறு கம்பிகள்

ஒரகடம் பக்கத்தில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறேன். காருக்குள் ஓடும் ஒயர்க் கட்டுகளைத் தயாரிக்கிறோம். ஒயரின் நுனியைச் சீவி, பித்தளை முனை வைத்து அழுத்தி, பிடுங்கிப் பார்க்க வேண்டும். முனை கையோடு வராவிட்டால் பச்சை ஸ்டிக்கர். வந்துவிட்டால் சூப்பர்வைசர் வருவார். கம்பியை இழுத்துப் பார்க்கும் இந்த வேலையைத் தவிர எனக்கும் கிட்டாருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

கிட்டார் என் வீட்டுக்காரருடையது. அவர் வாலாஜாபாத்தில் ரைஸ் மில்லில் மெஷின் ஓட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சர்ச் பாடகர் குழுவில் வாசிப்பார். பல வருடங்களாக மரக் கிட்டாரை வைத்துக்கொண்டு ஒழுங்காகத்தான் இருந்தார். போன வருடம் ஃபோனில் பார்த்து, சென்னையில் ஒருவரிடமிருந்து பழைய எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்றை வாங்கிவந்தார். அதில் கம்பிகள் போய் மாட்டும் இரும்புப் பட்டையைப் பிரிட்ஜ் என்கிறார்கள். அதிலிருந்து ஒரு கைப்பிடி நீட்டிக்கொண்டிருந்தது. அழுத்தினால் சத்தம் கீழே வழுக்கும், விட்டால் மேலே ஏறும். அதுதான் டிரெமோலோவாம். இப்படி ஆட்டினால் சுருதி கலைந்துவிடும் என்பதால், கழுத்துப் பக்கம் கம்பிகளை ஸ்குரூ போட்டுப் பூட்டிவைத்திருந்தார்கள்.

கைப்பிடி வந்தபிறகு அவர் கை சும்மா இருக்கவில்லை. எந்தப் பாட்டானாலும் கடைசியில் ஒரு அழுத்து. ஒரு அடக்க ஆராதனையில் அழுத்தியபோது இறந்தவரின் மருமகன் திரும்பி முறைத்தார். பாஸ்டர் மட்டும் ஆமென் சொல்லி அடுத்த பாட்டுக்குப் போனார். அவர் நல்ல மனிதர்.

விளைச்சலைச் சர்ச்சுக்குக் காணிக்கையாகக் கொண்டுவரும் அறுப்பின் பண்டிகைக்கு நான்கு நாள் இருக்கும்போது ஒரு கம்பி அறுந்தது. புதுக் கம்பி செட் ஒன்று வீட்டில் தயாராக இருந்தது. ஆனால் மாட்டத் தெரியவில்லை. வீடியோ பார்க்க ஆரம்பித்தார். நான் சாப்பிட உட்கார்ந்தால் எதிரில் வந்து உட்கார்ந்து பாடம் எடுப்பார்.

"இதுல மூணு டைப்பு கீதும்மே. மொத டைப்பு, ரெண்டு ஆணி மேல கத்தி மாதிரி பேலன்ஸ்ல நிக்கும். முன்னால கம்பி இழுக்கும், முதுவுல ஸ்பிரிங் இழுக்கும். கம்பி நுனில குண்டு கீது பாரு, அத வெட்டிட்டு மொட்ட நுனிய உள்ள வுட்டு நசுக்கணும்."

"ரெண்டாவது?"

"அதுல கழுத்தாண்ட மட்டும் பூட்டு. கீய பிரிட்ஜாண்ட குண்டு அப்டியே மாட்டிக்கும்."

"மூணாவது?"

"அது இன்னாவோ உருள. கைப்புடிய அமுக்குனா உருள சுத்தும். பழைய மாடலு, அது யாருகிட்டயும் இல்ல."

"நம்புள்து?"

"மொத டைப்பு. பாத்தாலே தெரியுதே."

பார்த்தால் தெரிந்திருக்க வேண்டிய ஒரு விஷயம் இருந்தது. முதல் டைப்புக்கு முதுகில் ஒரு மூடி இருக்குமாம், அதற்குள் ஸ்பிரிங்குகள் இருக்குமாம். எங்கள் கிட்டாரின் முதுகு வழவழவென்று பலகையாக இருந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, விற்றவர் பட்டி பூசி ஓட்டையை அடைத்துவிட்டார் என்று முடிவு செய்தார். பக்கத்து வீட்டில் டிரில்லிங் மெஷின் கேட்கப் போனார். நல்லவேளையாக அதை யாரோ மானாம்பதிக்கு இரவல் கொண்டுபோயிருந்தார்கள்.

பண்டிகைக்கு முந்தின நாள், சனிக்கிழமை, முதல் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் இறங்கி வீட்டுக்கு வந்தேன். நடு வீட்டில் பாய் விரித்து, அதன்மேல் கிட்டாரை மல்லாக்கக் கிடத்திப் பக்கத்தில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். பழைய கம்பிகள் எல்லாம் நடுவில் வெட்டப்பட்டுக் கிடந்தன. புதுக் கம்பி ஆறும் குண்டு இல்லாமல் மொட்டையாக இருந்தன.

"நசுக்கறதுக்கு எடமே இல்லம்மே. வெறும் கொக்கிதான் கீது."

நான் பையைக்கூட இறக்கவில்லை. "பழைய கம்பில குண்டு இருந்துச்சா இல்லியா?"

"இருந்துச்சி."

"கொக்கில மாட்டிக்கினுதான இருந்துச்சி?"

"ஆமா."

"அப்பறம் ஏன்யா வெட்டன?"

"விக்கிறதுக்கு முன்னால வச்சிருந்தவனுக்கு வெவரம் தெரியலன்னு நெனச்சிக்கினேன்."

விற்றவருக்கு ஃபோன் போட்டோம். அவர் சிரித்து முடிக்கவே நேரமானது. அது மூன்றாவது டைப்பாம். உருளையும் ஸ்பிரிங்கும் பிரிட்ஜுக்குள்ளேயே இருக்குமாம், முதுகில் ஓட்டையே கிடையாதாம். பக்கவாட்டில் ஒரு சின்ன ஸ்குரூ உண்டு, அதை இறுக்கினால் உருளை அசையாமல் நின்றுவிடும் என்றும் சொன்னார். இந்தக் கம்பி காஞ்சிபுரத்தில் கிடைக்குமா என்று கேட்டதற்கு மறுபடியும் சிரித்தார்.

மரக் கிட்டாரைத் தாமலில் இருக்கிற என் வீட்டுக்காரரின் தம்பிக்குக் கொடுத்தாகிவிட்டது. வேறு வழியில்லை. கட்டிங் பிளேயரும் சால்டரிங் கருவியும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வெட்டிய குண்டுகளைத் தேடினால் ஐந்துதான் கிடைத்தன. ஆறாவதைக் கோழி கொத்தியிருக்கும் என்று வாசலைக் காட்டினார். பழைய கம்பித் துண்டிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு குண்டுக்குள்ளும் கம்பியை விட்டு மடக்கி, தன்மேலேயே முறுக்கி, ஈயம் வைத்தேன். தடித்த கம்பிகளில் மேலே சுற்றியிருந்ததைக் கொஞ்சம் பிரித்துவிட்டு உள்கம்பியை முறுக்கினேன்.

பிறகு பிடுங்கிப் பார்க்க வேண்டுமே? கூரை விட்டத்துக் கொக்கியில் குண்டை மாட்டி, கீழ் நுனியில் ஒரு வாளியைக் கட்டி, அவரைத் தண்ணீர் ஊற்றச் சொன்னேன். மூன்று கம்பி முக்கால் வாளி தாங்கின. நாலாவது நழுவியது. வாளி அவர் காலில் விழுந்து, தண்ணீர் பாய்மேல் ஓடியது. கிட்டாரைத் தூக்கிக்கொண்டு நொண்டியபடி வெளியே ஓடினார். நழுவிய கம்பியை மறுபடியும் முறுக்கினேன். மீதி இரண்டும் தேறின. ஒவ்வொன்றிலும் பச்சை ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும்போல இருந்தது.

கம்பி மாட்டி, சுருதி சேர்த்து, கழுத்தில் பூட்டியதும், ஆலன் கீ என்கிற ஆறுபட்டைச் சாவியால் அந்தப் பக்கவாட்டு ஸ்குரூவை இறுக்கிவிட்டேன். கைப்பிடி அசையவில்லை. அவர் முகம் வாடிவிட்டது.

"அப்ப இது சாதா கிட்டாருதான?"

"நாளைக்கி ஒரு நாள் சாதாவாவே இருக்கட்டும்."

மறுநாள் சர்ச்சில் பூசணிக்காயும் நெல் மூட்டையும் கோழியும் கொண்டுவந்து முன்னால் வைத்திருந்தார்கள். முதல் இரண்டு பாட்டு நன்றாகப் போனது. மூன்றாவது பாட்டின் முடிவில் அந்தச் சத்தம் வழுக்கியதைக் கேட்டேன். மனுஷன் எனக்குத் தெரியாமல் ஸ்குரூவைத் தளர்த்தியிருக்கிறார்! அடுத்த பாட்டில் இன்னும் வேகமாக அழுத்தினார். டிங் என்று ஒரு கம்பி போனது. ஒன்றின் இழுப்பு போனதும் உருளை பின்னால் சாய்ந்து, மீதி ஐந்து கம்பியும் சுருதி ஏறிவிட்டன. பாடகர் குழுவில் பாதிப் பேர் விசுவாசமாகக் கிட்டாரோடு மேலே போனார்கள். மீதிப் பேர் கீபோர்டு வாசிக்கும் டீச்சரோடு கீழேயே நின்றார்கள். பாஸ்டர் கண்ணை மூடி ஜெபிப்பதுபோல் இருந்தார். ஜெபித்திருக்கவும் கூடும்.

எழுந்து முன்னால் போனேன். என் வீட்டுக்காரரின் சட்டைப் பையிலிருந்து ஆலன் கீயை உருவினேன்.

"கைப்புடிய மெதுவா அமுக்கு. டீச்சர், அந்தக் கட்டையவே புடிச்சிக்கினு இருங்க."

டீச்சர் கட்டையை விடாமல் பிடித்தார். என் வீட்டுக்காரர் கைப்பிடியை அழுத்த அழுத்தச் சுருதி இறங்கி, கீபோர்டோடு சேர்ந்தது.

"அங்கியே நில்லு. அசயாத," என்று சொல்லி ஸ்குரூவை இறுக்கினேன். நின்றது. ஐந்து கம்பியோடு அவர் கடைசிவரை சாதாவாக வாசித்தார். என் இடத்துக்குத் திரும்பும்போது பெண்கள் வரிசையில் ஒருவர் கைதட்டிவிட்டு, தப்போ என்று நிறுத்திக்கொண்டார்.

ஆராதனை முடிந்ததும் நான் செய்த முதல் வேலை அறுந்த கம்பியைப் பார்த்ததுதான். நான் போட்ட முறுக்கு ஈயத்தோடு அப்படியே கொக்கியில் இருந்தது. நடுவில்தான் அறுந்திருந்தது. பூசணிக்காய் ஏலம் நடந்துகொண்டிருந்த இடத்தில் அதைப் பத்துப் பேரிடமாவது காட்டினேன்.

"கம்பி செஞ்ச கம்பெனிக்காரன் வேலைதான் போச்சி. என் வேலை போவல."

"போதும் வாம்மே," என்றார் அவர், இன்னும் நொண்டியபடி.

அடுத்த மாதம் வாலாஜாபாத்திலிருந்து வேறு ஒரு சர்ச்சின் கிட்டார்க்காரர் தன் கிட்டாரோடும் புதுக் கம்பி செட்டோடும் எங்கள் வீட்டுக்கு வந்தார். என் வீட்டுக்காரர் ஆர்வமாக எழுந்தார். வந்தவர் அவரைத் தாண்டி என்னிடம் நீட்டினார். "அக்கா, இது எந்த டைப்புன்னு சொல்லுங்க. வெட்டலாமா வேணாமா?"

திருப்பிப் பார்த்தேன். முதுகில் மூடி, உள்ளே மூன்று ஸ்பிரிங். முன்னால் இரண்டு ஆணிமேல் பட்டை. பழைய கம்பிகளின் நுனி மொட்டை.

"மொத டைப்பு. வெட்டுங்க."

அவர் தயங்கித் தயங்கி என் கையிலேயே கட்டிங் பிளேயரைக் கொடுத்தார். புதுக் கம்பிகளின் குண்டுகளை நான் வெட்டினேன். என் வீட்டுக்காரர் குனிந்து ஒவ்வொரு குண்டாகப் பொறுக்கி, கோழிக்கு எட்டாத இடமாகப் பார்த்து வைத்தார்.