ஒரு கப் கோக்கோவும் நின்றுபோன ஃபேக்டரியும்

ஒரு கப் கோக்கோ சுடவைக்கப் போய் ஒரு தேயிலை ஃபேக்டரியையே கொன்றுவிட்டேன் என்று ஒரு மத்தியானம் நான் முழு மனதோடு நம்பினேன். ஃபேக்டரியோடு சேர்த்து என் வீட்டுக்காரியையும் கொன்றுவிட்டதாக நம்பினேன். இப்போது இதைக் கேட்கிற எல்லோரும் சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கச் சிரிக்கத்தான் சொல்வேன். கல்யாண வீடுகளில் பந்திக்குக் காத்திருக்கும் நேரத்தில் சொல்லிச் சொல்லி அந்தக் கதைக்கு ஒரு தாளமே வந்துவிட்டது. ஆனால் எத்தனை தடவை சொன்னாலும் நடுவில் ஓர் இடத்தைத் தாண்டிக் குதித்துவிடுவேன். அதையும் சேர்த்து எழுதலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

எழுபதுகளின் கடைசி. சூரியநெல்லிக்கு மேலே ஓர் எஸ்டேட்டில், மேனேஜர் பங்களாவில் நான் குசினிக்காரன், அதாவது சமையல்காரன். மேனேஜர் நம் நாட்டுக்காரர்தான். இருந்தாலும் அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் எஸ்டேட்டுக்கு அவர் துரை, அவர் சம்சாரம் துரைசாணி. துரை ஒரு முறை சீமைக்குப் போய்விட்டு வந்தபோது ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார். பெரிய ரேடியோ போல இருந்தது, முன்பக்கம் கண்ணாடிக் கதவு. உள்ளே நெருப்பு கிடையாது, சிவக்கிற கம்பி கிடையாது. பாலை வைத்துக் கதவைச் சாத்தி ஒரு குமிழைத் திருகினால் உர்ரென்று உறுமும். முடிந்ததும் கோயில் மணிக்குத் தங்கச்சி மாதிரி 'டிங்' என்று ஒரு சத்தம். திறந்தால் பால் கொதிக்கும், பெட்டி சில்லென்று இருக்கும். அடுப்பு சுடாமல் பால் மட்டும் எப்படிச் சுடும் என்று யோசித்து எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

துரைசாணி பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தார்.

"இதுக்குள்ள எவர்சில்வர் வைக்கக் கூடாது. அலுமினியம், பித்தளை ஒண்ணும் கூடாது. பீங்கான் மட்டும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதும்மா."

புரியத்தான் செய்தது. புரியாதது வேறொன்று. அதற்குப் பங்களாவின் கப்புகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் அலமாரியில் கப்புக்கும் சாதி உண்டு. துரைக்கும் துரைசாணிக்கும் விளிம்பில் தங்கக் கோடு ஓடுகிற கப். சின்னத் துரைகள், அதாவது அசிஸ்டெண்ட் மேனேஜர்கள், வந்தால் நீலக் கோடு. ஆபீஸ் கிளார்க்குக்குக் கண்ணாடி கிளாஸ். தோட்டத்து ஆட்கள் பின்வாசலில் நின்றால் தகர டம்ளர். எனக்கு முன்னால் இருந்த குசினிக்காரன் துரைசாணிக்கு நீலக் கோட்டுக் கப்பை நீட்டிவிட்டு அந்த மாதமே கொழுந்துக் கூடை சுமக்கப் போனான் என்பது பங்களாவில் எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆகவே துரைசாணிக்குக் கோக்கோ என்றால் என் கை தானாகத் தங்கக் கோட்டுக்குத்தான் போகும். அந்தக் கோடும் உலோகம்தான் என்று என் புத்திக்கு எட்டவில்லை. பீங்கானா, பீங்கான். அவ்வளவுதான்.

இன்னொரு ஆள், ஃபேக்டரி ஒயர்மேன். கோட்டயம் பக்கத்து ஆள். பெட்டிக்கு ஒயர் இழுத்துக் கொடுத்தவர் அவர்தான். பங்களாவுக்குக் கரண்ட் வருவதே கீழே ஃபேக்டரியின் போர்டிலிருந்துதான். வேலையை முடித்துவிட்டு முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு சொன்னார்:

"சேட்டா, இது கரண்ட் குடிக்கிற சாத்தான் கேட்டோ. ஃபேக்டரி ஓடும்போ நீங்க இதைத் திருகினா கீழ கொழுந்து உருட்டுற ரோலர் நிக்கும், பின்ன நம்ம ரெண்டு பேருக்கும் ஜோலி இல்ல."

ஊரையே கேலி பண்ணுகிறவன் நான். என்னை ஒருவர் கேலி பண்ணினால் எனக்கு அது தெரியாது. அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். அன்றிலிருந்து ஃபேக்டரி ஓயும் நேரம் பார்த்தே, வெறும் பீங்கான் கிண்ணத்தில் பாலை வைத்துப் பெட்டியைத் திருகினேன். ஓடுகிற நேரத்தில் துரைசாணி கேட்டால் ரகசியமாக மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் காய்ச்சிவிட்டு, வாயாலேயே 'டிங்' என்று சொல்லிவிட்டுக் கொண்டுபோவேன்.

என் வீட்டுக்காரி அப்போது ஃபேக்டரியில் சல்லடை ரூமில் இருந்தாள். காய்ந்த தூளைச் சலித்துப் பிரிக்கிற இடம். அதற்கு முன் அவள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவள். மழையும் அட்டையுமாக அவள் கால் படும் பாட்டைப் பார்த்து, துரை நல்ல மூடில் இருந்த ஒரு காலையில் முட்டையைக் கூடுதலாகப் பொரித்துக் கொடுத்து நான்தான் அந்த இடத்தைக் கேட்டு வாங்கினேன். அவளுக்கு அதில் அவ்வளவு இஷ்டமில்லை.

"மெஷின் சத்தத்துல பக்கத்துல இருக்கவ பேசுறதுகூடக் கேக்கலங்க. தோட்டத்துலயாவது பாடிக்கிட்டு நிப்போம்."

"நீ பாடுனதுலதான் புள்ள, போன வருஷம் கொழுந்து வெளையல" என்றேன் நான். நம் வாய் அப்படி.

அன்று துரை கொச்சிக்குப் போயிருந்தார். மதியம் மூன்று மணி சுமாருக்குத் துரைசாணி சளியோடு குசினிக்கே வந்து நின்றுவிட்டார். "கோக்கோ போடு. இதுலயே போடு, நான் பாக்கணும். நீ பண்ணுறது எப்பவும் ஒரு மண்ணெண்ணெய் வாசம் அடிக்குது."

மாட்டிக்கொண்டேன். கீழே ஃபேக்டரி முழு மூச்சில் ஓடிக்கொண்டிருந்தது. அது ஓடுகிற வரை அந்த இரைச்சல் பங்களாவின் தரைக்குள்ளேயே இருக்கும். அவர் பார்க்கிற பதற்றத்தில் கிண்ணத்தை மறந்து, தங்கக் கோட்டுக் கப்பிலேயே இரண்டு ஸ்பூன் கோக்கோப் பொடி, சர்க்கரை, கொஞ்சம் பால் விட்டுக் கட்டியில்லாமல் குழைத்தேன். மீதிப் பாலை ஊற்றிப் பெட்டிக்குள் வைத்தேன். ஒயர்மேன் சொன்னது நினைவுக்கு வந்தது. துரைசாணி பின்னால் தும்மினார். திருகினேன்.

முதலில் உறுமல். அடுத்த நொடி கப்பின் விளிம்பில் நீலமாய் ஒரு பொறி, படபடவென்று இன்னும் நாலைந்து. நான் குமிழைப் பிடிக்கக் கை நீட்டுவதற்குள் பெட்டி அணைந்தது. குசினி விளக்கு அணைந்தது. அதன் பிறகு, தரைக்குள் இருந்த அந்த இரைச்சல் மெல்ல இறங்கி, இறங்கி, நின்றது.

"என்னாச்சு?" என்றார் துரைசாணி.

"ஒண்ணுமில்லம்மா, கரண்ட் போச்சு" என்றேன். என் குரல் எனக்கே அடுத்த எஸ்டேட்டிலிருந்து கேட்டது.

அப்புறம் ஃபேக்டரிச் சங்கு ஊதியது. காலையில், மத்தியானம், சாயங்காலம் என்று நேரத்துக்கு ஊதுகிற கரண்ட் சங்கு அல்ல. கையால் சுற்றுகிற பழைய சங்கு, நாய் அழுகிற மாதிரி ஏறி இறங்குவது. தீப்பிடித்தாலோ ஆளுக்கு அடிபட்டாலோ மட்டும்தான் அதைத் தொடுவார்கள்.

கப்பை வெளியே எடுத்தேன். தங்கக் கோடு ஒரு பக்கம் கருகியிருந்தது. கோக்கோவைத் தொட்டியில் கொட்டிவிட்டு, கப்பை ஏப்ரனுக்குள் ஒளித்துக்கொண்டு பின்வாசல் வழியாக ஓடினேன். ஓடினேன் என்பது வரைக்கும் பந்தியில் சொல்வேன். எங்கே ஓடினேன் என்பதுதான் தாண்டிக் குதிக்கிற இடம்.

பங்களாவிலிருந்து இறங்குகிற ஒற்றையடிப் பாதை தேயிலைக்கு நடுவில் ஓர் இடத்தில் இரண்டாகப் பிரியும். இடப்பக்கம் ஃபேக்டரி. வலப்பக்கம் தார் ரோடு. அங்கே நின்று கை காட்டினால் போடிமெட்டு போகிற ஏதாவது ஒரு லாரி நிற்கும், மலையிறங்கினால் போடி, அங்கே என் சித்தப்பா மகன். என் தலைக்குள் முதலில் வந்தது என் வேலை. இரண்டாவது போலீஸ். மூன்றாவதாகத்தான் என் வீட்டுக்காரி வந்தாள். வந்ததும், அவள் கரண்ட் அடித்துக் கருகிக் கிடக்கிற மாதிரி ஒரு படம். அந்தப் படத்தைப் பார்க்க முடியாமல்தான் போனேனோ, போலீஸுக்குப் பயந்துதான் போனேனோ, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கால் வலப்பக்கம் திரும்பிவிட்டது. ரோடு தெரிகிற வளைவு வரை போய்விட்டேன்.

அங்கே சரிவில் கொழுந்து எடுக்கிற பெண்கள் கையை நிறுத்திக் கீழே பார்த்துக்கொண்டு நின்றார்கள். சங்கு நேரம் தப்பி ஊதினால் எஸ்டேட்டில் 'என்ன' என்று யாரும் கேட்பதில்லை. 'யாரு' என்றுதான் கேட்பார்கள். ஒருத்திக்குத் தம்பி ரோலரில், ஒருத்திக்கு மகள் சல்லடையில்.

என் ஏப்ரனிலிருந்து கப் எட்டிப் பார்த்ததை ஒருத்தி கண்டுவிட்டாள். "என்னண்ணே, துரைசாணி கப்பத் தூக்கிட்டு ரோட்டுக்குப் போறிய? வித்துத் திங்கவா?"

பக்கத்தில் நின்றவள் சிரிக்கவில்லை. "அண்ணே, மைனிக்கு இன்னைக்குச் சல்லடை ரூம்தான? ஃபேக்டரி அந்தப் பக்கம்லா இருக்கு. இங்க எங்க போறிய?"

  கப்பை ஒரு தேயிலைச் செடிக்கடியில் திணித்தேன். திரும்பி ஓடினேன். பாத்தி பாத்தியாகக் குதித்ததில் செடி கீறியது, ஒரு செருப்பு எங்கேயோ போனது.

ஃபேக்டரி வாசலில் ஆண்கள் கும்பலாக நின்றார்கள். ஒயர்மேனைப் பார்த்ததும் அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன்.

"நான்தான் திருகுனேன். அந்தம்மா விடல. என்னைப் போலீஸ்ல சொல்லுங்க, பரவால்ல, நான்தான்…"

"எந்தா இது? என்ன திருகி?" அவர் கையை உதறினார். "சேட்டா, அகத்துப் போ. சம்சாரம் அங்க இருக்கு. உங்களைத் தேடி ஆள் பங்களாவுக்கு ரோடு வழியாப் போயிருக்கு."

அவள் சல்லடை ரூமுக்கு வெளியே ஒரு சாக்கு மூட்டையில் உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் தேயிலைத் தூசு, கண்ணீர் வந்த கோடு மட்டும் வெளுப்பு. இடது கையை மடியில் வைத்திருந்தாள். கை வளைகிற மாதிரி அது வளைந்திருக்கவில்லை. மணிக்கட்டு வீங்கி, கண்ணாடி வளையல்கள் சதைக்குள் இறுகிக்கொண்டிருந்தன. சுற்றி ஐந்தாறு பெண்கள் சோப்பும் தண்ணீருமாக நின்றார்கள். எஸ்டேட் டிஸ்பென்சரிக் கம்பவுண்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

"உடைங்கன்னா ஒருத்தியும் உடைக்க மாட்டேங்குறா! நான் தொடப் போனா என் கையத் தட்டி விடுறாளுக!"

"சுமங்கலி கை வளையல நாங்க எப்படி உடைக்க?" என்றாள் வயதான ஒருத்தி. "அவ புருஷன் வரட்டும். அவரு இருக்கும்போது இன்னொருத்தர் உடைச்சா அது வேற அர்த்தம்லா."

எனக்காகத்தான் காத்திருந்தார்கள். நான் உயிரோடு இருக்கிறேன் என்று மரியாதை கொடுத்து, அந்தக் கை வீங்க வீங்கக் காத்திருந்தார்கள். நான் அந்த நேரத்தில் லாரி பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான்தான் புள்ள" என்றேன். "அந்தப் பெட்டியத் திருகுனேன், அதான் கரண்ட்டு…"

"என்ன ஒளறுறீங்க?" பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "பெட்டியத் தூக்கிக் கெணத்துல போடுங்க. வளையல உடைங்க மொதல்ல. உசுரு போகுது."

ஃபிட்டரின் ஸ்பேனரை வாங்கி, மணிக்கட்டில் ஒரு துணியைச் சுற்றி, ஒவ்வொன்றாகத் தட்டினேன். ஆறு வளையல்.   கடைசி வளையல் உடைந்தபோது அவள் வலது கையால் என் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரிக்கு ஜீப்பில் போகும்போது மழை பிடித்துக்கொண்டது. அவள் என் தோளில் சாய்ந்திருந்தாள். கேட்டாள்:

"சங்கு ஊதி எவ்வளவு நேரமாச்சு நீங்க வர. பங்களாவுல இருந்து அவ்வளவு தூரமா?"

"வழுக்குது புள்ள. குறுக்கு வழியாத்தான் வந்தேன்."

"ஒத்தச் செருப்போடவா?"

"இன்னொண்ணு மெதுவா வருது."

அவள் சிரித்தாள். சிரித்ததில் கை அசைந்து, வலியில் என் தோளைக் கடித்தாள். அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அப்புறமும் சொல்லவில்லை. அந்தச் சரிவில் நின்ற பெண்கள் யாராவது சொல்லிவிடுவார்கள் என்று வருஷக்கணக்கில் பயந்தேன். யாரும் சொல்லவில்லை. ஒருவேளை சொல்லி, அவள்தான் என்னிடம் கேட்காமல் விட்டாளோ என்னவோ.

காத்திருந்த நேரத்தால் கைக்குக் கெடுதல் வந்ததா என்று டாக்டரிடம் கேட்டேன். இல்லை என்றார். அடுத்த நாளும் கேட்டேன். அதற்கு மறுநாள் என்னைக் கண்டதும் அவரே, "இல்லப்பா" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

நடந்தது இவ்வளவுதான். குளிருக்காக அவள் தோளில் போட்டிருந்த துண்டின் நுனியைச் சல்லடை மெஷினின் பெல்ட் பிடித்து இழுத்தது. துண்டோடு கையும் போனது. பக்கத்தில் இருந்தவள் போட்ட கூச்சலில் தூள் தயாரிப்பைக் கவனிக்கிற டீ மேக்கர் ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கினார். அதனால்தான் ஃபேக்டரி நின்றது. பங்களாவும் அதே மெயினில் இருந்ததால் பெட்டியும் நின்றது. கோக்கோ சூடாகவே இல்லை. அவளுக்கு மணிக்கட்டிலும் முழங்கையிலுமாக இரண்டு இடத்தில் எலும்பு முறிந்தது. மூன்று மாதம் கையில் மாவுக்கட்டோடு கிடந்து, பிறகு அவளே கேட்டுக் கொழுந்து எடுக்கத் திரும்பிப் போனாள். அந்த முழங்கை முழுதாக மடங்குவதில்லை.