மண்டபத்துப் பூட்டு

அண்ணையின் வீட்டுச் சாவி சுவர் ஆணியில் தொங்கியது. அதில் ஒரு கீறல்கூட இல்லை. ரொறன்ரோவில், டோர்செட் பார்க்கில் அத்தனை வருடம் இருந்தும் அவர் அதைக் கதவில் போட்டதில்லை. போன கிழமை செத்துப்போனார். வீட்டை ஒதுக்கிக் கொடுக்க நான் ஒருவன்தான் இருந்தேன்.

அவர் எனக்குச் சொந்த அண்ணை இல்லை. முந்தி கனடாவின் நடுப்பக்கம், சஸ்காச்சுவானில், கோதுமை வயல்களுக்கு நடுவே கிடந்த ஒரு சின்ன ஊரில், இருவரும் கோழிப் பண்ணையில் வேலை செய்தோம். அங்கே தமிழர் நாங்கள் இரண்டு பேர்தான். ஊருக்கு வெளியே, தெருவோரம் ஒரு பலகை மண்டபம். முதலில் வந்து குடியேறியவர்கள் கட்டியது. அவர்களுடைய கலப்பை, குதிரைச் சேணம், தையல் மெஷின் எல்லாம் அதற்குள் இருந்தன. ஊரில் யார் செத்தாலும் அவர்களுடைய சாமான் ஒன்றைக் கொண்டுவந்து அங்கே வைப்பார்கள். அது வழக்கம். கூட்டித் துடைக்கும் வேலையை அண்ணையை நம்பிக் கொடுத்தார்கள்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. பனிக்காலத்தில் மண்டபத்தைப் பூட்டக்கூடாது. புயலில் வாகனம் நின்றுபோனவன் உள்ளே வந்து உயிர் தப்ப வேண்டும். அடுப்படியில் விறகும் நெருப்புப்பெட்டியும் கம்பளியும் எப்போதும் இருக்கும். அண்ணைக்கு அது பிடிபடவில்லை.

"இவ்வளவு பழஞ்சாமான் கிடக்கு, பூட்டக்கூடாதாம். விசரங்கள்."

"அவங்கட சாமான். உங்களுக்கென்ன அண்ணை?"

"உனக்குத் தெரியாதடா. நான் சண்டைக்குள்ள இடம்பெயர்ந்து ஊருக்குத் திரும்பிப் போகேக்க என்ர வீட்டில கதவு நிலையும் இல்லை."

பக்கத்து ஊரில் களவு என்று கதை வந்தது. அண்ணை தன் காசில் ஓர் ஆமைப்பூட்டு வாங்கிப் போட்டார். எனக்கும் சொல்லவில்லை.

அடுத்த நாள் புயல். அது ஓய்ந்த காலையில் பனி தள்ள இருவரும் போனோம். கதவடியில் ஒருவர் குந்தியபடி இருந்தார். எங்களுக்குத் தெரிந்த விவசாயி. அவருடைய தகப்பன் செய்த கதவு அது. கையுறைகளைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பூட்டை இழுத்துப் பார்த்திருக்கிறார். அண்ணை பூட்டைத் திறந்தார். அவரை உள்ளே தூக்கிக்கொண்டுபோய் அடுப்பை மூட்டினார்.

"அண்ணை, ஆள் முடிஞ்சுது," என்றேன்.

அண்ணை அடுப்புக்குள் விறகை வைத்துக்கொண்டே இருந்தார்.

ஊர் அவரை ஏசவில்லை. பொலிஸும் விசாரித்துவிட்டுப் போனது. செத்தவரின் மனைவி அந்தக் கையுறைகளைக் கொண்டுவந்தார். "நீ எங்கள் சாமானைக் காப்பாற்றப் பார்த்தாய்," என்று இங்கிலிஸில் சொல்லி, அண்ணையின் கையிலேயே கொடுத்தார். அண்ணை அவற்றைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார். பனி கரையும்வரை ஒவ்வொரு நாளும் அந்தக் கண்ணாடியைத் துடைத்தார். அந்த மனிசி ஏசியிருந்தால் அண்ணை தாங்கியிருப்பார் என்று நினைக்கிறேன்.

பிறகு இருவரும் ரொறன்ரோவுக்கு, ஸ்காபரோப் பக்கம் வந்துவிட்டோம். இங்கே அவர் கதவைப் பூட்டவே இல்லை. ரிவி களவு போனது. குளிர்ச்சட்டை போனது.

"அண்ணை, இது ஸ்காபரோ. கள்ளனுக்குத் தேத்தண்ணியும் வைச்சுக் குடுங்கோவன்," என்று பகிடி பண்ணினேன்.

"குளிருக்கு ஆரும் வந்தால்?"

"பதினோராம் மாடிக்கோ?"



இன்று வீட்டைத் துடைத்து முடித்தேன். கட்டடத்துப் பொறுப்பாளர் பூட்டிவிட்டு வரச் சொன்னார். சாவி இறுகி நின்றது. பலமாகத் திருப்பினேன். பூட்டு விழுந்தது. பிடியை ஒருதரம் இழுத்துப் பார்த்தேன். பூட்டுகிற எல்லாரும் செய்வதுதான். கையை எடுக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.